வெந்நீர் மீன்கள் – 14: வெங்காய வலை

போன ஞாயிறு பிலாவ் தட்டு காலியாவதற்குள் குடும்பத்தில் மூத்தவர் நேமத் விஷயத்தைப் போட்டு உடைத்தார் அல்லவா? ரஷ்யாவில், கஸான் நகரத்தில் வேலை உறுதியாகிவிட்டது. இங்கே இருக்கிற வீட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. விமானம் வருகிற புதன்கிழமை. மனைவி அதோலத்தும் மகள் சர்வினோஸும் கூடவே போகிறார்கள்.

தம்பி போதிர் எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். போதிரின் மனைவி சனோபர் பாத்திரம் கழுவப் போனாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

ஏன் என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சர்வி என்று எல்லோரும் கூப்பிடும் சர்வினோஸ், சனோபர் வயிற்றில் பிறந்தவள். நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த அதோலத்தின் மடியில், பிறந்த நாற்பதாம் நாள் காலையில் அவளை வைத்தவளும் சனோபர்தான். யாரும் கையை முறுக்கவில்லை. அண்ணன் வீட்டுத் தொட்டில் காலியாகக் கிடந்தால் தம்பி வீட்டிலிருந்து ஒரு பிள்ளை போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அதோலத்தின் பாவாடை விளிம்புக்கு அடியில் குழந்தையை நுழைத்து மறுபக்கம் எடுத்தார்கள். அன்றோடு அவள் அதோலத் பெற்ற பிள்ளை. இந்தப் பேச்சை இனி எடுப்பதில்லை என்று நாலு பேரும் ரொட்டி மேல் கை வைத்துச் சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிறு. சனோபர் பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு, மீனும் விற்கிற பறவைச் சந்தைக்குப் போய், மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்றும் கப்பி மீன் இரண்டும் வாங்கிவந்தாள்.

அது பதினோரு வருடத்துக்கு முந்திய கதை. சிலான்ஸார் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் சனோபரின் வீட்டில் இப்போது ஒன்பது மீன் தொட்டிகள்.

இந்த ஞாயிறு தாஷ்கெண்டில் குளிர் மைனஸ் பத்தொன்பது. காலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் எட்டு மணிக்குத்தான் வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் சனோபர் அடுப்பில் வெந்நீர் வைத்து, பிளாஸ்டிக் புட்டிகளில் ஊற்றி, மூடியை இறுக்கி, பெரிய தொட்டியில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஆறின புட்டியை எடுப்பது, சூடானதை விடுவது. வெப்பமானி இருபத்தெட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வேலை பால் ஆலையில், பாலைச் சோதிக்கும் பிரிவில். எந்த எண்ணையும் எழுதி வைக்காமல் அவளுக்கு நிம்மதி வராது. மீன் நோட்டை எடுத்து எழுதினாள்: ‘மின்சாரம் இல்லை, 6 முதல் 8. குஞ்சுகள் நீந்தத் தொடங்கி ஐந்தாம் நாள். எல்லாம் உயிரோடு.’

பெரிய தொட்டியில் இருப்பவை இரண்டு டிஸ்கஸ் மீன்கள். வட்டமாக, தட்டையாக, செங்கல் நிறத்தில் நீலக் கோடுகள் ஓடும். பெரியதற்குப் பத்திர் என்றும் சின்னதற்குச் சம்சா என்றும் பெயர் வைத்தவள் சர்வி. அடுக்கடுக்காய்ச் சுட்ட பத்திர் ரொட்டி மாதிரியே இருக்கிறதாம் பெரியது; சின்னது சம்சா, அதாவது சமோசா, மாதிரியாம். மூன்று தடவை முட்டையிட்டு மூன்று தடவையும் தாங்களே தின்று தீர்த்தன. நாலாவது தடவைதான் பொரிந்து வந்திருக்கிறது.

மற்ற மீன்களின் முட்டையை ஜாடிக்கு மாற்றி, இரண்டு சொட்டு நீல மருந்து விட்டு, சனோபர் தானே வளர்த்துவிடுவாள். டிஸ்கஸிடம் அது நடக்காது. பெற்றவற்றின் தோலில் ஒரு பசை சுரக்கும். குஞ்சுகள் உடம்போடு ஒட்டிக்கொண்டு அதைத் தின்றுதான் வளர வேண்டும். இந்த நாட்களில் பிரித்தால் செத்துப்போகும்.

போதிர் மெட்ரோ ரயில் ஓட்டுகிறவர். ஞாயிறானாலும் பகல் ஷிஃப்ட் உண்டு. சீருடைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சமையலறை வாசலில் நின்றார்.

“கேக்கத்தான் போறியா?”

“ஆமா.”

“அண்ணி முடியாதுன்னுவாங்க.”

“கேட்டா முடியாதுன்னுவாங்க. கேக்காம விட்டா, கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோன்னு சாகுறவரைக்கும் நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன். எது தேவல?”

“ரொட்டி மேல கை வச்சிருக்கோம், சனோபர்.”

“சொல்ல மாட்டேன்னுதானே வச்சேன். கேக்க மாட்டேன்னு வைக்கலியே.”

போதிர் தலைக்கு மேலே பார்த்தார். அங்கே ஆணியில், வெள்ளைத் துணிக்குள் ஒரு காய்ந்த ரொட்டி தொங்கியது. மகன் எல்யோர் ராணுவத்துக்குக் கிளம்பின அன்று ஒரு கடி கடித்துவிட்டு வைத்த ரொட்டி. திரும்பிவந்து மிச்சத்தை அவன்தான் தின்ன வேண்டும். அதற்காகவாவது திரும்பிவருவான். போதிர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்க வேண்டியதைச் சனோபர் திங்கட்கிழமையிலிருந்து மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தாள். மூன்றே வாக்கியம். ‘அக்கா, பள்ளிக்கூடம் மே கடைசியில் முடிகிறது. நடு வருடத்தில் மாற்றினால் பிள்ளைக்குக் கஷ்டம். அதுவரை நாலு மாதம் சர்வி இங்கேயே இருக்கட்டும்.’

நாலு மாதம். நூற்றிருபது காலை. ஒரே கூரையின் கீழே அந்தப் பெண் தூங்கி எழுந்து, தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதை அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது.

“சித்தி! உயிரோட இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“நீங்க இல்ல, குஞ்சுங்க!”

சர்வி பூட்ஸை உதறிவிட்டு, வாசலில் இருந்த பச்சைச் செருப்புக்குள் காலை நுழைத்தாள். விருந்தாளிக்கு என்று அந்த வீட்டில் வருடா வருடம் ஒரு ஜோடிச் செருப்பு வாங்குவார்கள். வருடா வருடம் அது ஒரு அளவு பெரிதாகிக்கொண்டே வந்ததை யாரும் கேட்டதில்லை.

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அதோலத் வந்தாள். வயது நாற்பத்தெட்டு, திரைச்சீலை தைப்பது தொழில். கோட்டுக் கழுத்துப்பட்டையின் உள்பக்கம் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும்.

“மூணு மாடி ஏறி வந்தா மூக்குல ஏறுறது என்ன? புழு நாத்தம். ஏண்டி, மீனுக்குப் போடுற அந்தப் புழுவை இன்னும் குளிர்பெட்டியில தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கியா?”

“மூடிதான் வச்சிருக்கேன், அக்கா.”

“மூடின புழுவும் புழுதான். போதிர் இந்த வீட்ல தயிர் சாப்பிடுறானே, அவனுக்குச் சொர்க்கம் நிச்சயம்.”

வழக்கம்போல அதோலத் நேராகச் சமையலறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக மீன் தொட்டி இருக்கும் அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. நாத்தம் என்பாள், ஈரம் என்பாள், முழங்கால் வலி என்பாள்.

நிமிர்ந்து ஆணியில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். “எல்யோர் எப்ப வர்றான்?”

“மார்ச்சுல.”

“நல்லபடியா வரட்டும். சர்வியையும் புதன்கிழமை ஒரு ரொட்டியைக் கடிக்கச் சொல்லி வாங்கி வைக்கணும். நம்ம வீடுதான் கைமாறிடுதே, எங்க மாட்டறதுன்னு யோசிச்சேன். யாங்கியாபாத்ல எங்க அக்கா வீட்ல மாட்டச் சொல்லியிருக்கேன்.”

சனோபர் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். முதல் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து சர்வி கத்தினாள்.

“சித்தி! சண்டை போடுதுங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். பத்திர், சம்சாவை வடிகட்டிக் குழாய் இருக்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் வாயால் இடித்தது. சம்சா சுற்றி வந்து திருப்பி இடித்தது. அதன் துடுப்பில் ஒரு கிழிசல். இரண்டும் எதிரெதிரே நின்று செவுளை விரித்தன. குஞ்சுகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுத்தண்ணீரில் புள்ளி புள்ளியாகச் சிதறி நின்றன. ஐந்து நாளாக ஒரு உடம்பை விட்டு விரல் அகலம்கூட விலகாத குஞ்சுகள்.

“ஏன் சித்தி?”

“ரெண்டுக்கும் குஞ்சு வேணும். எல்லாமே தன்கிட்டயே இருக்கணும்னு நெனக்குதுங்க. சில ஜோடி இப்படித்தான்.”

“இப்ப என்ன பண்றது?”

“ஒண்ணை எடுத்து வேற தொட்டியில விட்டுடணும். இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு குஞ்சு மிஞ்சாது. கோவத்துல அதுங்களே தின்னுடும்.”

“எதை எடுப்பீங்க?”

“பத்திரை. அதுதானே இடிக்குது.”

“சம்சா சின்னது. அது ஒண்டியா இத்தனைக்கும் ஊட்டினா தோலு புண்ணாப் போயிடும்னு நீங்கதான் சொன்னீங்க. போன வாரம். நோட்டுலயும் எழுதி வச்சிருக்கீங்க.”

“வேற வழி இல்ல, கண்ணு.”

“இருங்க. எடுக்காதீங்க. நான் யோசிக்கிறேன்.” நோட்டை மடியில் விரித்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் சர்வி. கெட்டில் சீறியது. “பத்து நிமிஷம். அதுக்கு மேல தாங்காது” என்று சொல்லிவிட்டுச் சனோபர் சமையலறைக்கு வந்தாள்.

தேநீர்க் குடுவையில் இலை போட்டாள். வெந்நீர் விட்டு, முதல் கோப்பையை ஊற்றி, சாறு இறங்கட்டும் என்று குடுவைக்கே திருப்பி ஊற்றினாள். மூன்று தடவை அப்படி. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. காது பக்கத்து அறையில் இருந்தது. தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கிறதா? குஞ்சுகள் இன்னும் இருக்கின்றனவா? இரண்டு கைகளாலும் கோப்பையை எடுத்து அதோலத்தின் முன்னால் வைத்தாள்.

அதோலத் கோப்பையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விளிம்பு வரை நிறைந்திருந்தது.

எங்களுக்குள் இதற்கு விளக்கமே வேண்டாம். இருக்க வேண்டிய விருந்தாளிக்குக் கோப்பையில் பாதிக்கும் கீழேதான் ஊற்றுவோம். ஆற ஆற, மறுபடி மறுபடி ஊற்றுவோம். நிரப்பி வைத்தால் அர்த்தம் ஒன்றுதான். குடித்துவிட்டுக் கிளம்பு.

“கிளம்புன்னு வாயாலயே சொல்லியிருக்கலாம்” என்றாள் அதோலத். “கோப்பையை எதுக்குத் தூது அனுப்பற?”

சனோபர் அப்போதுதான் பார்த்தாள். “ஐயோ அக்கா! கவனிக்கல. சத்தியமா கவனிக்கல. மனசு தொட்டியில இருந்துச்சு.”

“உன் மனசு பதினோரு வருஷமா தொட்டியிலதான் இருக்கு.”

குளிர்பெட்டி உறுமி நின்றது.

சனோபர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியமும் வரிசை தப்பி வந்தன. “நாலு மாசம், அக்கா. மே கடைசி வரைக்கும். சர்வி இங்க இருக்கட்டும். நடு வருஷத்துல பள்ளிக்கூடம் மாத்தினா...”

“நெனச்சேன். போன ஞாயிறு நீ அந்தச் சட்டியை ரெண்டு தடவை கழுவினப்பவே நெனச்சேன்.”

“பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாளே நானே கொண்டாந்து விடுறேன்.”

“யாரைக் கொண்டாந்து விடுவ?” அதோலத் குரலைத் தாழ்த்தினாள். “நாலு மாசம் காலையில தலை வாரி விடுவ. சோறு போடுவ. காய்ச்சல் வந்தா பக்கத்துல படுத்துக்குவ. அப்புறம் கஸானுக்குக் கூட்டிட்டு வந்து என் வாசல்ல நிறுத்துவ. அது நான் விட்டுட்டுப் போனவளா இருக்குமா?”

“பதினோரு வருஷத்துல என் நாக்கு ஒரு தடவை வழுக்கியிருக்கா, அக்கா?”

“நாக்கு வழுக்கல. கண்ணு? அந்தப் புள்ள வாசப்படி ஏறி வர்றப்ப உன் கண்ணை நீ பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். வாரா வாரம் பார்த்திருக்கேன். அதைப் பார்க்க மாட்டாமத்தான் இந்த அடுப்படியிலயே உக்காந்துக்கறேன். முழங்கால் வலியும் இல்ல, மண்ணும் இல்ல.”

சனோபர் மேஜை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டாள்.

“உனக்கு எல்யோர் இருக்கான். எனக்கு யாரு இருக்கா, சொல்லு?” அதோலத் எழுந்தாள். வாசலுக்குப் போய்ப் பூட்ஸையும் கோட்டையும் மாட்டினாள். தலைத்துணியை முடிச்சுப் போட்டாள். “நீ வேணும்னு ஊத்தலன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊத்திட்ட. கிளம்பறேன். சர்வி! வா, போகலாம்!”

“அம்மா, இங்க வாங்களேன்!”

“வான்னு சொன்னேன்!”

“ஊசி வேணும்மா! சீக்கிரம்! நீங்க வரலேன்னா எல்லாம் செத்துப்போயிடும்!”

அதோலத் வாசலைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். ‘செத்துப்போயிடும்’ என்ற வார்த்தையை ஒரு குழந்தையின் வாயிலிருந்து கேட்டுவிட்டு அப்படியே நிற்க அவளால் முடியாது. கோட்டோடு, பூட்ஸோடு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் போனாள்.

தரை முழுக்கக் கடை பரப்பியிருந்தாள் சர்வி. அலமாரியிலிருந்த துணி மாட்டும் கம்பிகள் இரண்டு, அதுவும் பிளாஸ்டிக் உறை போட்டவை, நீள்சதுரமாக வளைந்து கிடந்தன. பால்கனியிலிருந்த வெங்காயச் சாக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெங்காயம் கட்டிலுக்கடியில் உருண்டிருந்தது. சாக்கின் சிவப்பு வலையைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட முயன்று பாதியில் நின்றிருந்தாள்.

“என்னடி இது?”

“தொட்டி நடுவுல இந்த வலையை நிறுத்திட்டா பத்திர் அந்தப் பக்கம், சம்சா இந்தப் பக்கம். பெருசுங்களால வலையைத் தாண்ட முடியாது. சண்டை போட முடியாது. குஞ்சு பொடிசு, ஓட்டை வழியா ரெண்டு பக்கமும் போகும், வரும். யாரையும் வெளிய எடுக்க வேணாம்.” மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

சனோபர் வலையை வாங்கி விரித்துப் பார்த்தாள். ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. குஞ்சு தாராளமாகப் போகும். இத்தனை வருடத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

“கட்டியிருக்கற லட்சணத்தைப் பாரு. இது முடிச்சா, கோழி கிளறினதா?” அதோலத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துப்பட்டையிலிருந்து ஊசியை உருவினாள். “நைலான் நூல் இருக்கா, சனோபர்? பருத்தி நூல் தண்ணியில ஊறி இத்துப்போகும். இழுத்துப் பிடி. இன்னும். வலை தொங்கினா உன் மீனு மேல ஏறி வந்துடும்.”

சனோபர் ஒரு முனையை இழுத்துப் பிடித்தாள். அதோலத் தைத்துக்கொண்டே வந்தாள். ஊசி ஒவ்வொரு முறை கம்பியைச் சுற்றி வரும்போதும் அவள் விரல் சனோபரின் விரலில் பட்டது. இருவரும் முகம் பார்க்கவில்லை.

தையல் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார்கள். அதோலத்தின் கோட்டுக் கை முழங்கை வரை நனைந்தது.

“சுடுதேடி!”

“முப்பது டிகிரி, அக்கா.”

“நாங்க எல்லாம் வெளிய விறைச்சுக் கிடக்கோம், உன் மீனுக்குக் குளியலறை வச்சுக் குடுத்திருக்க.”

சர்வி சிரித்தாள். பத்திர் வலையில் வந்து மோதியது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு திரும்பிக்கொண்டது. சம்சா மூலையிலிருந்து மெல்ல நகர்ந்தது. சிதறி நின்ற புள்ளிகள் கூடி ஒரு கூட்டமாகிச் சம்சாவின் விலாவில் போய் ஒட்டின. சின்ன வாய்கள் தோலைக் கொத்தத் தொடங்கின.

“பால் குடிக்குதுங்க” என்றாள் சர்வி.

அதோலத் தொட்டிக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தாள். கண்ணாடி அவள் மூச்சில் பனித்தது. தலைத்துணி நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சம்சா சட்டென்று உடம்பைச் சிலிர்த்து உதறியது. ஒட்டியிருந்த குஞ்சுகள் எல்லாம் தெறித்து விலகின.

“ஏய், ஏன் உதறுது?” அதோலத் சனோபரின் மணிக்கட்டைப் பிடித்தாள். “வேணாமாமா அதுக்கு?”

“வேணாம்னு இல்ல, அக்கா. இத்தனையும் உடம்பைத் தின்னுதுங்க இல்ல? அலுத்துப் போயிடும். கொஞ்ச நேரம் அடுத்தது பார்த்துக்கட்டும்னு விடுது. அப்புறம் அதுவும் உதறும், இங்க திரும்பி வரும்.”

குஞ்சுகள் வலையின் ஓட்டைகள் வழியாக ஒவ்வொன்றாக நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன. பத்திர் அசையாமல் நின்று காத்திருந்தது.

அதோலத் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. சர்வி நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, எதையோ எழுத ஆரம்பித்தாள்.

“சனோபர்.”

“சொல்லுங்க, அக்கா.”

“தேநீர் ஊத்து.”

சனோபர் அந்த நிறைந்த கோப்பையைக் கொட்டிக் கழுவிவிட்டு, அடியில் ஒரு வாய் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அதோலத் குடித்துவிட்டு நீட்டினாள். மறுபடி ஒரு வாய். மறுபடி நீட்டினாள். ஆறு தடவை. குடுவை காலியாகும் வரை இருவரும் பேசியது கஸானின் குளிரைப் பற்றியும், அங்கே ஆட்டுக்கொழுப்பு கிடைக்குமா என்பதைப் பற்றியும்தான். நாலு மாதத்தைப் பற்றி அதோலத் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனோபரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். சர்வி பச்சைச் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரம் வைத்தாள். சனோபர் அவள் கோட்டுப் பித்தானைப் போட்டுவிட்டாள். ஒரு சித்தி எத்தனை பித்தான் போடலாமோ அத்தனை: கழுத்தருகில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. மிச்சத்தைச் சர்வியே போட்டுக்கொண்டாள்.

வாசலைத் தாண்டின அதோலத் திரும்பி உள்ளே வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், மேஜை விரிப்பிலிருந்து காலையில் வாங்கின ரொட்டி ஒன்றை எடுத்தாள். நடுவில் முத்திரை குத்தி, எள் தூவிச் சுட்ட வட்ட ரொட்டி.

“கடி” என்றாள் சர்வியிடம்.

“இப்பவா? புதன்கிழமை இல்ல?”

“புதன்கிழமை ஆயிரம் வேலை. கடி.”

சர்வி விளிம்பில் ஒரு கடி கடித்தாள். அதோலத் பல் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. மெல்லுகிற மகளைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைச் சனோபரின் பக்கம் நீட்டினாள்.

“எங்க அக்கா வீட்ல எலித் தொல்லை. நீ இங்கயே மாட்டிக்கோ.”

சனோபர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள்.

“பள்ளிக்கூடம் லீவு விட்டா வருவா” என்றாள் அதோலத் படியைப் பார்த்துக்கொண்டே. “வராம? மிச்சத்தை யாரு தின்றது? நீயும் அந்தப் புழுவுமா?”

“சித்தி, நான் வர்றப்ப குஞ்சு எவ்வளவு பெருசா இருக்கும்?”

“உன் உள்ளங்கை அளவு.”

சர்வி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கீழே வாசல் கதவு மூடிக்கொண்டது. ஜன்னலுக்குப் போனால் தெருவில் அவர்கள் நடப்பது தெரியும் என்று சனோபருக்குத் தெரியும். போகவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு ஆணி எடுத்து, எல்யோரின் ரொட்டிக்குப் பக்கத்தில் அடித்தாள். வெள்ளைத் துணியில் சுற்றித் தொங்கவிட்டாள். இது புதியது, கனமாக இருந்தது. துணிக்குள்ளிருந்து இன்னும் எள் வாசனை வந்தது. கேட்டது நாலு மாதம். கிடைத்தது ஒரு கோடை. அதையும் அவள் இன்னும் கையில் பார்க்கவில்லை.

தொட்டி அறைக்கு வந்தாள். குஞ்சுகள் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. வெப்பமானி இருபத்தொன்பதரை. எழுதுவதற்கு நோட்டைத் திறந்தாள். சர்வி ஏற்கெனவே எழுதிவைத்திருந்தாள், பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில்:

‘வலை வைத்த நேரம் 12.10. யோசனை: சர்வினோஸ். பிடித்தது: சித்தி. தைத்தது: அம்மா. கிழிந்த துடுப்புக்கு உப்பு போட வேண்டும், மறக்கக் கூடாது.’

சனோபருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே எண்ணை எழுதினாள். மூடப் போகும்போது நோட்டின் முன்பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. சர்வியின் கொண்டை ஊசி ஒன்று முதல் தாளில் அடையாளத்துக்குச் செருகியிருந்தது. அந்தத் தாளைச் சனோபர் பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும்.

முதல் ஞாயிறு. தேதி. ‘ஜாடி ஒன்று, கப்பி இரண்டு. தண்ணீர் 22 டிகிரி.’ எழுதினவளுடைய எழுத்தே அன்றைக்குக் கோணலாக இருந்தது.

தேதிக்குப் பக்கத்தில், பென்சிலில், அதே உருண்டை எழுத்தில், இப்போது எழுதினது போல ஒரு வரி. கேள்விக்குறி இல்லை. வேறு ஒரு சொல்லும் இல்லை.

‘நான் பிறந்து 41-ஆம் நாள்.’

சனோபர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேஜை மேலிருந்த அழிரப்பரை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை விரித்து, விரல் விட்டு, அந்தப் பழைய மாதத்தை ஒவ்வொரு நாளாக எண்ணினாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது; பிள்ளையைக் கொடுத்ததற்கு மறுநாள். வாசலில் போதிரின் சாவி திரும்பியபோதும் அழிரப்பர் அவள் கைக்குள்ளேயே இருந்தது.